கரியா? வாயுவா? வெய்யிலா?

மீஞ்சூர் பக்கத்திலிருந்து வந்த தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மை ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் விஞ்ஞானம் வேண்டும் என்கிறீர்கள், யந்திரம் வேண்டும் என்கிறீர்கள், மின்சாரம் வேண்டும் என்கிறீர்கள். அப்படியிருக்க, அத்திப்பட்டு அனல் நிலையத்தின் மேல் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் பேச்சுக்கு உங்கள் பத்திரிகை ஏன் காது கொடுக்கவேண்டும்? யந்திரத்தைக் குறை சொல்லுவது பழமைக்காரர் வேலையல்லவா?" என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆதலால் அதற்கு இங்கே விவரமாகப் பதில் சொல்ல விரும்புகின்றோம்.

மின்சாரத்தின் விஷயத்தில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. 1932-ம் வருஷத்தில் பைக்காராவிலும், பிறகு மேட்டூரிலும் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்து இந்த நாட்டில் நடந்த காரியங்களைக் கவனித்தவர்களுக்கு அதன் பெருமையை நாம் சொல்லவேண்டியதில்லை. தெரு முனையில் ஒரு விளக்கு எரிந்தவுடனே அந்தப் புளியமரத்துப் பேய் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. எத்தனை மந்திரவாதிகள் எத்தனை கோழிகளை அறுத்தும் போகாத பேய் அது! கிணற்றில் ஏற்றம் இறைத்து முதுகெலும்பு தேய்ந்த மனிதனுக்கும், உரலோடும் அம்மியோடும் ஆயுளைக் கழித்த பெண்மக்களுக்கும் எந்தக் கடவுளும் செய்யாத உபகாரத்தை மின்சாரம் செய்தது. ஆகவே குத்துவிளக்குக் காலத்திற்குத் திரும்பிப் போகலாம் என்று யாராவது சொன்னால், அவர் வீட்டுக் கம்பியை முதலில் அறுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நாம் சொல்லுவோம்.

ஆனால் மின்சாரம் வேண்டும் என்று சொல்லுவது ஒன்று. எதை எரித்தாலும் சரி, எவன் வீட்டுத் தலைமாட்டில் எரித்தாலும் சரி என்று சொல்லுவது வேறொன்று. முதலாவது பகுத்தறிவு. இரண்டாவது, பழக்கத்தில் வந்தது என்பதற்காக ஒன்றைக் கும்பிடுகிற காரியம். கரியைக் கும்பிட்டாலும் கல்லைக் கும்பிட்டாலும் நமக்கு ஒன்றுதான்.

இப்பொழுது திருவள்ளூர் ஜில்லாவின் கடற்கரைப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எண்ணூரில் 1970-ம் வருஷத்தில் துவக்கப்பட்டு 450 மெகாவாட் அளவுக்கு வளர்ந்த பழைய அனல் நிலையம், வயதாகி, 2017-ம் வருஷம் மார்ச்சு 31-ந் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் நிலையம் இருக்கிறது. அதன் முதல் பகுதி 1990-களின் நடுவில் வந்தது. 210 மெகாவாட் யந்திரங்கள் மூன்று. இரண்டாவது பகுதியில் 600 மெகாவாட் யந்திரங்கள் இரண்டு. மூன்றாவது பகுதி 800 மெகாவாட். 2024 மார்ச்சில் துவக்கி வைக்கப்பட்டது. அடுத்தாற்போல் வல்லூரில் மத்திய சர்க்கார் கம்பெனியும் நமது மின்சார போர்டும் கூட்டாக வைத்த 1,500 மெகாவாட் நிலையம். இந்த இரண்டு இடத்தையும் கூட்டினாலே 4,130 மெகாவாட் ஆகிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் பெரிய ஓபுளாபுரத்தில் தனியார் கம்பெனி ஒன்று நானூறு மெகாவாட்டுக்குமேல் வைத்திருக்கிறது. இவ்வளவும் நிலக்கரி. ஒரிசாவின் தால்சேர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றி எண்ணூரில் இறக்கி எரிக்கிறார்கள். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டதே முக்கியமாக இந்தக் கரியை இறக்குவதற்குத்தான்.

நாம் இஞ்சினீயரிங் காலேஜில் படித்தவரல்ல. என்றாலும் பெருக்கல் வகுத்தல் தெரிந்தவனுக்குப் புரியக்கூடிய கணக்கு இது; வாசகர்களும் கூடவே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி உஷ்ணத்துக்குச் சமம். கரி நிலையத்தில் எரிக்கிற உஷ்ணத்தில் 100-க்கு 35 பாகந்தான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியாகவும் வெந்நீராகவும் வெளியே போய்விடுகிறது. ஆகையால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 2,450 கிலோ கலோரி வேண்டும். நமது நாட்டுக் கரியில் ஒரு கிலோவுக்கு 3,600 கிலோ கலோரி இருப்பதாக வைத்துக்கொண்டால், யூனிட் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 700 கிராம் கரி ஆகிறது. மேற்சொன்ன 4,130 மெகாவாட்டும் முக்கால் அளவில் ஓடினால் நாள் ஒன்றுக்கு 7 கோடி யூனிட்டுக்குமேல் வரும். அதற்கு எரிக்கவேண்டிய கரி சுமார் 50,000 டன்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. நமது நாட்டுக் கரியில் 100-க்கு 30 முதல் 45 பாகம் வரை சாம்பல். இந்தோனேஷியாக் கரியில் சாம்பல் மிகவும் குறைவு. ஆனால் விலை அதிகம், அந்நிய நாட்டுப் பணம் வேண்டும். எல்லாம் உள்நாட்டுக் கரியாயிருந்து, சாம்பல் மூன்றில் ஒரு பங்குதான் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், தினம் 16,000 டன் சாம்பல் மிஞ்சுகிறது. லாரிக்கு 20 டன் என்றால் 800 லாரி! இன்றைக்கு 800 லாரி, நாளைக்கு 800 லாரி, மறுநாளும் 800 லாரி. இதில் ஒரு பாகம் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. மீதி உப்புத் தண்ணீரோடு குழம்பாகக் கலக்கப்பட்டு, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு விடப்படுகிறது. சாம்பல் முழுவதையும் உபயோகப்படுத்தித் தீரவேண்டும் என்று விதி போட ஆரம்பித்தது 1999-ம் வருஷத்தில். குளம் இன்னும் நிறைந்துதான் இருக்கிறது.

சாம்பலைப் பற்றி நம் மக்களுக்குப் பெரிய மரியாதை உண்டு. நெற்றியில் மூன்று கோடு போட்டால் பாவமெல்லாம் பொசுங்கும், பிணி தீரும் என்று எத்தனையோ நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அது உண்மையானால் செப்பாக்கம் கிராமத்தாரைவிடப் புண்ணியவான்கள் இந்த உலகத்தில் இருக்க முடியாது. சாம்பல் குளத்தின் கரையை ஒட்டிய ஊர் அது. காற்று அடிக்கிற நாளில் நெற்றிக்கு மாத்திரமல்ல, கூரைக்கு, பாத்திரத்துக்கு, துணிக்கு, குழந்தையின் சுவாசப்பைக்குக்கூட இலவசமாகப் பூசப்படுகிறது. அவர்கள் கேட்பது மோட்சமல்ல. வேறிடத்தில் வீடு கொடுங்கள், போய்விடுகிறோம் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குளத்துக்குப் போகிற குழாய்களோ, உடைந்தும் ஓட்டை விழுந்தும் கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் சாம்பல் குழம்பைக் கொட்டின. எண்ணூர்க் கழிமுகத்தில் படகு மிதக்க ஆழமில்லாதபடி சாம்பல் படிந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய இடங்களின் மீனவர்களும், தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடித்து வயிறு வளர்க்கிற இருளர்களும், தங்கள் ஜீவனம் போனதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெந்நீரும் சேர்ந்து விடப்படுகிறது என்றார்கள். படிக்காதவர்கள் பேச்சு என்று எவரும் லட்சியம் செய்யவில்லை. கடைசியாக 2022-ம் வருஷத்தில் பசுமைத் தீர்ப்பாயம் அந்தக் கழிமுகம் கெட்டதற்கு மின்சார போர்டே பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிற்று. படிக்காதவன் கண்ணால் கண்டு சொன்னது சரியென்று ஒப்புக்கொள்ளப் படித்தவர்களுக்கு இவ்வளவு காலம் பிடித்தது!

இதைத் தற்செயலாக நடந்தது என்று நாம் நம்பத் தயாராயில்லை. செத்த மாட்டை எங்கே போடுவது, மலத்தை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வந்தபோதெல்லாம் இந்த நாட்டில் ஒரு திசைதான் ஞாபகத்துக்கு வந்தது. சேரியை ஊருக்குப் புறத்தே வைத்த அதே புத்திதான் இப்பொழுது சாம்பல் குளத்தைக் குப்பத்துக்குப் பக்கத்தில் வைக்கிறது. முன்பு அதற்குச் சாஸ்திரம் காட்டினார்கள். இப்பொழுது வரைபடம் காட்டுகிறார்கள். கடலோரத்தில் வைத்தால் கப்பல் வசதி, தண்ணீர் வசதி என்பது வாஸ்தவமே. சென்னைப் பட்டணத்துக்கு எதிரிலும் கடல்தான் இருக்கிறது.

புகை விஷயத்தைப் பாருங்கள். கரியிலுள்ள கந்தகம் எரிந்து வாயுவாகி, காற்றில் நுண்தூளாக மாறி, நெஞ்சுக்குள் போகிறது. இதைப் புகைபோக்கியிலேயே சுண்ணாம்புக்கல் கரைசல் தெளித்துப் பிடித்துவிடுவதற்கு யந்திரம் உண்டு. மற்ற தேசங்களில் பல பத்து வருஷங்களாக வைத்திருக்கிறார்கள். நமது மத்திய சர்க்கார் 2015 டிசம்பரில் ஒரு விதி செய்து, இரண்டு வருஷத்தில் எல்லோரும் அந்தத் தரத்துக்கு வரவேண்டும் என்றது. 2017 வந்தது, தவணை 2022-க்குப் போயிற்று. பிறகு மேலும் தள்ளிப் போயிற்று. கடைசியில் 2025 ஜூலையில், பெரிய நகரங்களை ஒட்டியவை முதலான சிலவற்றைத் தவிர, நாட்டிலுள்ள பெரும்பாலான நிலையங்களுக்கு இந்த யந்திரம் தேவையில்லை என்றே சொல்லிவிட்டார்கள். பத்து வருஷம் தவணை வாங்கி, பத்தாம் வருஷம் கடனே இல்லை என்று பத்திரத்தைக் கிழித்துக் கொடுக்கிற இப்படிப்பட்ட லேவாதேவிக்காரனை நாம் எந்த ஊர்க் கடைத் தெருவிலும் பார்த்ததில்லை. குடியானவன் டிராக்டர் தவணை ஒரு மாதம் தவறினால் என்ன நடக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, கரி வேண்டாமென்றால் வேறு என்ன என்று கேட்பீர்கள். எண்ணெயைப் பார்த்தாயிற்று. 1990-களின் கடைசியில் சென்னை பேசின்பிரிட்ஜில் எண்ணெய் எரித்து 200 மெகாவாட் எடுக்கிற நிலையத்தைத் தனியார் கம்பெனி வைத்தது. 15 வருஷ ஒப்பந்தம் 2014-ல் முடிந்தது. விலை தாங்காத சரக்கு அது. பக்கத்திலேயே 1996-ல் வைத்த நாப்தா டர்பைன்கள் 120 மெகாவாட். அவசரத்துக்குச் சுழற்றலாம், தினப்படிக்கு ஆகாது.

வாயுவின் சங்கதி வேறு. அதில் சாம்பல் என்பதே கிடையாது; கந்தகமும் இல்லையென்றே சொல்லலாம். பூமியின் உஷ்ணத்தை வெளியே போகவிடாமல் தடுத்து உலகத்தைச் சூடாக்குகிற கரியமில வாயு, கரியில் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வருகிறதென்றால் இதில் பாதிக்கும் குறைவு. டர்பைன் விட்ட சூட்டையே மறுபடியும் பிடித்து நீராவியாக்குகிற நிலையத்தில் 100-க்கு 55 பாகம் மின்சாரமாகிறது. காவேரிப் படுகை வாயுவைக் கொண்டு குத்தாலத்திலும், ராமநாதபுரம் வழுதூரிலும் நமது போர்டே இதை நடத்தி வந்திருக்கிறது. எண்ணூர்த் துறைமுகத்திலேயே, பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிய வாயுவைக் கப்பலிலிருந்து இறக்குகிற நிலையம் 2019-ல் திறக்கப்பட்டது; வருஷத்துக்கு 50 லட்சம் டன் இறக்கலாம். மணலி ஆலைகளுக்கு அந்த வாயு போகிறது. ஆனால் கப்பலில் வருகிற வாயு பிற தேசத்தார் வைத்த விலை. 2022-ல் ரஷ்யாவும் உக்ரேனும் சண்டை போட்டபோது அந்த விலை எங்கே போயிற்று என்பதை மறந்துவிடக்கூடாது. நாடு முழுவதும் சுமார் 25,000 மெகாவாட் வாயு நிலையங்களைக் கட்டிவிட்டு, வாயு வாங்கக் கட்டுபடியாகாமல் பெரும்பாகத்தைச் சும்மா வைத்திருக்கிறோம். குழாயில் கசிகிற வாயு எரியாமலே காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடு உண்டாக்கும் என்பதும் ஒரு விஷயம். ஆகவே, வாயு கரியைவிட யோக்கியமான சரக்குத்தான், ஆனால் முழுக் குடும்பத்தையும் அதன் கையில் ஒப்படைக்க முடியாது என்பது நமது அபிப்பிராயம்.

குப்பையை எரித்து மின்சாரம் என்று கொடுங்கையூருக்கு ஒரு திட்டம் கொண்டுவந்து, 2025-ல் அந்தப் பக்கத்து மக்கள் தெருவில் நின்று எதிர்த்தார்கள். மறுபடியும் வட சென்னை! இடத்தைக் கவனியுங்கள், வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இனி வெய்யிலும் காற்றும். நமது நாட்டில் சூரியனுக்குச் செய்த நமஸ்காரத்துக்கு அளவே கிடையாது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் அப்படி விட்டும் ஒரு யூனிட் கிடைத்ததா? ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை ஒருவர் கண்டு சொல்ல, வேறு சிலர் 1954-ல் அமெரிக்காவில் சிலிக்கன் தகட்டில் அதைச் செய்து காட்ட, இன்றைக்குக் கமுதிப் பொட்டலில் 648 மெகாவாட் நிற்கிறது. காற்றும் அப்படியே, வாயு பகவான் என்று சொன்னவனுக்குப் புழுதிதான் கிடைத்தது, இறக்கை வைத்தவனுக்கு முப்பந்தலில் மின்சாரம் கிடைத்தது. இப்பொழுது தமிழ்நாட்டில் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் தனித்தனியே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. பெரிய ஏலங்களில் சூரிய மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய் அளவில் கிடைக்கிறது. புதிதாகக் கட்டுகிற கரி நிலையம் எதுவும் அந்த விலைக்குப் பக்கத்தில் வரமுடியாது.

ஆனால் இதற்கும் தேங்காய் உடைத்துக் கும்பிட நாம் தயாராயில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு வீடெல்லாம் விளக்குப் போடுகிற சமயத்தில் சூரியன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறான். காற்றோ மே முதல் செப்டம்பர் வரைதான் நம்மோடு நன்றாகப் பேசுகிறது. பகலில் மிஞ்சுவதை இரவுக்கு வைத்துக்கொள்ள வழி வேண்டும். வழி இல்லையா? கடம்பாறையில் 1987 முதல் 400 மெகாவாட் நிலையம் ஒன்று, மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டிய நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும்படி கட்டப்பட்டது. குந்தாவில் இதேபோல் 500 மெகாவாட் வேலை பல வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. பாட்டரியின் விலையும் வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது. கரி நிலையத்துக்குப் பணம் தேடுகிற சுறுசுறுப்பில் பாதியை இந்தப் பக்கம் காட்டியிருந்தால் குந்தா எப்பொழுதோ முடிந்திருக்கும்.

நிற்க. கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டில் வேலை செய்கிற தோழர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளக் கூடும். அவர்கள் கோபத்தில் நியாயமுண்டு. பழைய இரும்பை உருக்கி ஒரு டன் எஃகு எடுக்க 600 யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். 2008 முதல் ஐந்தாறு வருஷம் மின்வெட்டு நடந்த காலத்தில் அங்கே உலை நின்றால் கூலி நின்றது. அக்காலத்திலும் வேடிக்கையைப் பாருங்கள்: 2012-ல் சென்னைப் பட்டணத்துக்கு இரண்டு மணி நேரம்தான் வெட்டு, வெளி ஜில்லாக்களில் பத்து மணி நேரத்துக்கு மேலும் இருட்டு. சாம்பல் நமக்கு, வெளிச்சம் பட்டணத்துக்கு என்பது அன்றைக்கே சட்டமாகிவிட்டது போலும்! ஆகையால் இருக்கிற நிலையங்களை நாளைக்கே இழுத்து மூடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்கள் உலைக்கூடத்தில் ஒரு வாரம் வேலை செய்துவிட்டு வந்து சொல்லட்டும். புதிதாக ஒன்றும் வைக்காதே, இருப்பதைச் சுத்தமாக நடத்து, வயதானதை வரிசையாக மூடு, மூடுவதற்கு முன் அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு வேலை காட்டு என்பதே நாம் சொல்லுவது.

ஆனால் நடப்பது என்ன? எண்ணூரில் பழைய நிலையம் இருந்த இடத்தில் 660 மெகாவாட் கரி நிலையம் கட்ட மறுபடியும் அனுமதி கேட்டு, 2024 டிசம்பரில் ஜனங்களிடம் கருத்துக் கேட்டார்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் வேண்டாமென்றார்கள். வயலூரில் 1,320 மெகாவாட் நிலையத்தின் வேலை நடந்துவருகிறது. அங்கேதான் 2025 செப்டம்பர் 30-ந் தேதி சாரம் சரிந்து 9 தொழிலாளிகள் மாண்டார்கள். பெரும்பாலோர் அஸ்ஸாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாள் பார்த்து, நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் நறுக்கிப் பூமி பூஜை போடாமல் இந்த நாட்டில் எந்தக் கட்டிடத்துக்கும் கடைக்கால் தோண்டுவதில்லை. சாரத்தின் பூட்டுகளையும் தாங்கு கம்பிகளையும் ஒவ்வொரு காலையிலும் ஒரு மனிதன் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்பதை மட்டும் அவ்வளவு சிரத்தையாகச் செய்வதில்லை. இப்படிச் செத்தவனைத் தலைவிதி என்று சொல்லிப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவது எல்லோருக்கும் சுலபமாயிருக்கிறது.

கரி மலிவு என்று சொல்லுகிறவர்கள் அந்த மலிவுக் கணக்கில் எவற்றையெல்லாம் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பதை இனியாவது பார்க்கவேண்டும். இறால் போன கழிமுகத்துக்கு அதில் காலம் இல்லை. மூச்சுத் திணறுகிற குழந்தைக்கு வாங்குகிற மருந்துக்குக் காலம் இல்லை. செப்பாக்கத்தாருக்குக் கட்டவேண்டிய வீட்டுக்குக் காலம் இல்லை. இவற்றை எழுதாமல் கூட்டினால் எந்த மளிகைக் கடையும் லாபத்தில்தான் ஓடும். ஆகவே சர்க்காரையும், உற்பத்திக் கழகம் என்றும் பகிர்மானக் கழகம் என்றும் இப்பொழுது பெயர் பிரிந்து நிற்கிற நமது போர்டையும் நாம் கேட்பது இதுதான்: எண்ணூர் 660 மெகாவாட் திட்டத்தைக் கைவிட்டு, அந்தப் பணத்தைக் குந்தாவுக்கும் பாட்டரிக்கும் கொடுங்கள். மாலை நேரத்துக்கு இடைக்காலமாக வாயு வேண்டுமானால், எண்ணூரில் இறங்குவதை என்ன விலைக்கு, எத்தனை மணி நேரம் வாங்கலாம் என்று கணக்கைப் பகிரங்கமாக வெளியிடுங்கள். சாம்பல் குழாய்களை மாற்றுங்கள். வட சென்னை, வல்லூர் இரண்டிலும் கந்தகம் பிடிக்கிற யந்திரம் எந்தத் தேதியில் ஓடும் என்று தேதியைச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிலையமும் தினம் எவ்வளவு கரி எரித்தது, எவ்வளவு சாம்பல் வெளியே போயிற்று என்பதைப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் தமிழில் ஒட்டுங்கள். கோயில் திருவிழா நோட்டீசு ஒட்டுகிற அதே சுவர்தான்.

கேள்வி கேட்ட தோழருக்கு ஒரு வார்த்தை. தாங்கள் அடுத்த முறை மீஞ்சூருக்குப் போகும்போது செப்பாக்கம் வழியாகப் போய், அங்கே ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிறகு நமக்கு எழுதவும். அந்தக் கடிதத்தைக் காற்புள்ளி மாற்றாமல் பிரசுரிப்போம்.